பணத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

எங்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு வசந்த காலத்தில் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் நோயாளி கொடுத்த பணக் கவரும் கையுமாகப் பிடிபட்டார். கவர் வாங்கியது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. ருமேனியாவில் எங்கள் பக்கத்தில் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் பை வைத்துத் தைப்பதே அதற்குத்தான். பிடிபட்டதுதான் ஆச்சரியம். பல்கலைக்கழகம் சில நாட்கள் அதிர்ச்சியில் ஆழ்ந்திருந்தது. பிறகு செனட் கூடியது. அழுக்குப் பணத்தைக் கட்டிப் படிப்பதால்தான் மருத்துவர்கள் பின்னாளில் அழுக்குப் பணம் வாங்குகிறார்கள் என்று கண்டுபிடித்தது. ஆகவே கவர் வாங்குகிறவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு, கட்டணம் கட்டுகிறவர்களைச் சோதிப்பது என்று முடிவாயிற்று.

கட்டணத் தூய்மை நெறிக்குழு இப்படித்தான் பிறந்தது. ஒரு மாணவர் கட்டும் பணம் எங்கிருந்து வந்தது, வரும் வழியில் யாரையாவது புண்படுத்தியதா என்று அது விசாரிக்கும். திருப்தியானால் பணத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் காசாளர் பணத்தைத் தொடுவார். குழுவின் தலைவராகத் தோல்நோய்த் துறைப் பேராசிரியர் தெயோஃபில் ஹர்னாகே நியமிக்கப்பட்டார். பணம் எந்தெந்த வடிவில் வரும், எந்தெந்தப் பையில் மறையும் என்பதில் அவரளவு அனுபவம் வேறு யாருக்கும் இல்லை என்பதை செனட் ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

குழு கூடுவதற்குத் தனி மண்டபம் இருந்தது. மாவட்டம் முழுக்கச் சூதாட்ட இயந்திரக் கடைகள் நடத்தும் ஒருவர் அதைக் கட்டிக்கொடுத்திருந்தார். அவருடைய கடை ஒன்று தெருவின் எதிர்ப்புறத்திலேயே இருந்தது. ஓய்வூதியம் வரும் நாளில் முதியவர்கள் அதற்குள் போவதையும், பேருந்துக்குக் காசில்லாமல் நடந்தே திரும்புவதையும் மண்டபத்தின் ஜன்னலிலிருந்து நன்றாகப் பார்க்கலாம். அதனால் திரைச்சீலை போட்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு இலவச இடத்தை மிகச் சில மதிப்பெண்களில் தவறவிட்டவள் அனிஸ்யா. வாலியா ருஜி என்னும் மலைக் கிராமத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். கட்டண இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் முதல் வருடக் கட்டணம் கட்டாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். பணம் அவர்களிடம் இருந்தது. அதில் ஒரு சிக்கலும் இல்லை என்று அவளும் அவள் அப்பா கவ்ரிலும் நினைத்திருந்தார்கள். கவ்ரில் பால் சேகரிக்கும் வேன் ஓட்டுகிறவர். நல்ல சட்டை போட்டுக்கொண்டு அதே வேனில் மகளை அழைத்து வந்தார்.

"பணம் யாரு குடுத்தது?" என்று கேட்டார் பேராசிரியர் ஹர்னாகே.

"அம்மா" என்றாள் அனிஸ்யா.

"அம்மா எங்க?"

"இத்தாலியில. பாதுவா பக்கத்துல ஒரு வயசான பாட்டிய, அவங்க வீட்டுலயே இருந்து பாத்துக்கிறாங்க."

"எப்பத்திலேருந்து?"

"நான் மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப போனாங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் திருமதி எவ்ஃப்ரோசினாவும் தம்முடையதைக் கழற்றினார்.

"அதாவது பெத்த புள்ளைய அனாதையா விட்டுட்டு, எவ வீட்டுக் கிழவியையோ குளிப்பாட்டிச் சம்பாதிச்ச காசு."

கவ்ரிலுக்கு முகம் சிவந்தது. "அவ ஆசைப்பட்டுப் போகலைங்க ஐயா. இங்க தையல் ஆலைய மூடிட்டாங்க. அதுல இருந்த பொம்பளைங்க எல்லாரும்தான் போனாங்க."

"ஆலைய நாங்களா மூடினோம்?"

"இல்லைங்க."

"குறிச்சுக்கோங்க மேடம். பல்கலைக்கழகம் பொறுப்பில்லைன்னு அவரே ஒத்துக்கிறார்." பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாரும்மா. ஒரு கொழந்தையோட கண்ணீர் ஒட்டியிருக்கிற பணத்த இந்தப் பல்கலைக்கழகம் தொடாது. பிரிவுன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். என் புள்ளைங்க ரெண்டு பேரும் வியன்னாவுலதான் படிக்கிறாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அவங்க பீஸுக்காகத்தான் சாயந்தரம் சாயந்தரம் தனியா நோயாளிங்களப் பாக்கிறேன். யாருகிட்டயும் நான் கேட்டதில்ல. அவங்களா குடுத்தா அவங்க மனசு புண்படக்கூடாதுன்னு வாங்கிக்கிறேன். அந்த வலி எனக்குத் தெரியும்."

"நான் அழலைங்க ஐயா" என்றாள் அனிஸ்யா.

"அது இன்னும் மோசம். உள்ளுக்குள்ள அழுதிருக்க."

அம்மாவின் பணம் 'கண்ணீர் நிலுவை' என்ற தலைப்பில் நிறுத்திவைக்கப்பட்டது. வேனில் திரும்பும்போது கவ்ரில் மலைப்பாதை முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். அனிஸ்யா கூடச் சேர்ந்து திட்டவில்லை. வயதுக்கு வந்த அன்று அம்மா தொலைபேசியில்தான் எல்லாம் விளக்கினாள். இத்தாலியப் பேருந்தில் நின்றபடி, சுற்றியுள்ளவர்களுக்கு நம் மொழி தெரியாது என்ற தைரியத்தில், உரக்க விளக்கினாள். அப்போது சிரிப்பாக இருந்தது. அம்மா வைத்த பிறகு இவள் வெகுநேரம் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். இப்போது யோசித்தால், அந்த மனிதர் சொன்னது பொய் என்று நிரூபிக்க அவளிடம் எதுவுமே இல்லை.

செய்தி ஊருக்குள் பரவியது. பாதிரியார் சொஃப்ரோனியே ஞாயிறு வழிபாட்டின் முடிவில் தொப்பியைக் கழற்றி, காசு போடச் சொல்லிச் சுற்றுக்கு விட்டார். நம் ஊருக்கு ஒரு டாக்டர் வந்து போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, இவள் படித்தால் இங்கே வருவாள் என்றார். ஜனங்கள் நம்ப முடியாத அளவுக்குக் கொடுத்தார்கள். காசு இல்லாதவர்கள் வெண்ணெய்க்கட்டியும் வால்நட் கொட்டையும் கொடுக்க, பாதிரியார் அதைச் சந்தையில் விற்றுக் காசாக்கினார். கடைசியில் ஏறத்தாழ முழுக் கட்டணமும் சேர்ந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அனிஸ்யா மறுபடி குழுவின் முன் போய் நின்றாள்.

"இந்த ஜனங்க நாளைக்கு உன்கிட்ட வைத்தியத்துக்கு வருவாங்களா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"வரலாம்னுதான் குடுத்தாங்க" என்றாள் அனிஸ்யா.

திருமதி எவ்ஃப்ரோசினா பேனாவைக் கீழே வைத்தார்.

"லஞ்சத்துல நான் எவ்வளவோ தினுசு பாத்திருக்கேன்" என்றார் பேராசிரியர், உண்மையான வியப்புடன். "நோய் வர்றதுக்கு முன்னாடியே குடுக்கிறத இப்பத்தான் பாக்கிறேன்."

"தவணை முறை மாதிரி இருக்கு ஐயா" என்றார் திருமதி எவ்ஃப்ரோசினா.

ஆனாலும் குழு கல்நெஞ்சம் படைத்ததல்ல. ஒரு வழி சொன்னது. பணம் கொடுத்த ஒவ்வொருவரும் இனித் தமக்கு நோயே வராது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வந்துதான் தீரும் என்றால் வேறு மாவட்டத்தில் வைத்து நோய்வாய்ப்பட வேண்டும்.

பாதிரியார் அதைக் கோயிலில் வாசித்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சாமி, வயித்தால போறது நோயில சேருமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சேரும்மா."

"அப்ப இன்னைக்கே நான் ஒப்பந்தத்த மீறியாச்சு."

"பக்கத்து மாவட்டத்துக்கு பஸ்ஸே கெடையாதே" என்றார் மரம் அறுக்கும் பாம்ஃபில். "அங்க போயி நோய் புடிக்கணும்னா டாக்ஸி வைக்கணும். அதுக்கு யாரு காசு தருவா, உங்க ஏசுவா?"

"வாய அடக்குடா பாம்ஃபில். கையெழுத்தப் போடு."

திட்டிக்கொண்டே எல்லாரும் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக்குறி போட்டார்கள். மறுநாள் பாம்ஃபில் வால்நட் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார், அதுவும் சொந்த மாவட்டத்திலேயே. கூட்டு உறுதிமொழியை ஒருவர் மீறியதால் மொத்தத் தொகையும் கறைபட்டுவிட்டதாகக் குழு வருத்தத்துடன் அறிவித்து, பணத்தைத் திருப்பி அனுப்பியது. ஊரில் பாம்ஃபிலிடம் யாரும் பேசவில்லை. காலில் கட்டுடன் திண்டாடியவருக்கு ஒருவரும் சூப்புகூடக் கொடுக்கவில்லை. "ஒரு மாசம் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று அவர் மனைவியே கேட்டாள்.

அனிஸ்யா தானாக ஒரு வழி தேடினாள். பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே ஒரு மருந்து நிறுவனம் புதிய மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தது. விழுங்குகிறவர்களுக்கு நல்ல தொகை தந்தார்கள். அவள் விழுங்கத் தயாராக இருந்தாள். ஆனால் அதற்கும் குழுவின் அனுமதி வேண்டியிருந்தது.

"உனக்குப் பணம் தேவையா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"தேவைங்க ஐயா."

"அப்ப நீ சுதந்திரமா சம்மதிக்கல. தேவை உன்ன நெட்டித்தள்ளுது. பணமே தேவைப்படாத ஆளுதான் சுதந்திரமா சம்மதிக்க முடியும்."

"பணம் தேவைப்படாதவங்க எதுக்கு ஐயா அந்த மாத்திரைய முழுங்கப்போறாங்க?"

"முழுங்க மாட்டாங்க. அதனாலதான் நம்ம சோதனைங்க மேல இதுவரைக்கும் ஒரு புகாரும் கெடையாது."

அவள் திரும்பி நடந்தபோது வாசலில், மண்டபத்தைக் கட்டிக்கொடுத்தவரின் பெயர் பொறித்த பித்தளைப் பலகையைப் பார்த்தாள். சிறிது நேரம் நின்றாள். பிறகு உள்ளே திரும்பி வந்து, சூதாட்டக் கடைக்காரரின் பணத்துக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று கேட்டாள். அவமதிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. தெரிந்துகொள்ள விரும்பினாள்.

பேராசிரியர் கோபப்படவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அது நன்கொடைம்மா. கட்டணத்துக்குத்தான் பூர்வீகம் பாக்கணும். நன்கொடைக்குப் பூர்வீகம் கெடையாது, நோக்கம் மட்டும்தான். அவரு நோக்கம் ரொம்ப உயர்ந்தது. மண்டபத்துல சூடேத்துற வசதிகூடச் செஞ்சு குடுத்திருக்கார்."

செப்டம்பர் பாதி கழிந்துவிட்டது. கவ்ரில் கடைசியில், எங்கள் மாவட்டத்தில் விவரம் தெரிந்த எந்த மனிதனும் முதலிலேயே செய்திருக்கும் காரியத்தைச் செய்யப் போனார். வேனை அடமானம் வைத்து, ஒரு வெள்ளைக் கவருடன் பேராசிரியரின் அறைக்குச் சென்றார்.

கவர் கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. கொடுப்பவர் கவரை நீட்டுவார். டாக்டர் "ஐயையோ, இதெல்லாம் எதுக்கு, வேண்டாம்" என்று சொல்லியபடி, கோட்டுப் பை கொடுப்பவர் பக்கம் வருமாறு லேசாகத் திரும்பி நிற்பார். கொடுப்பவர் மறுபடி வற்புறுத்துவார். டாக்டர் மறுபடி வேண்டாம் என்பார். மூன்றாம் தரம் கவர் பைக்குள் போய்விடும், டாக்டர் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கவ்ரிலுக்கு இது தெரியாததல்ல. மனைவியின் பித்தப்பை அறுவைக்கு அவரே இதைத் தவறில்லாமல் செய்திருக்கிறார்.

ஆனால் அன்று கதவில் 'நெறிக்குழுத் தலைவர்' என்ற பலகை இருந்தது. கவ்ரில் அதை வாசித்தார். வாசித்ததை நம்பினார்.

"ஐயையோ, இதெல்லாம் எதுக்கு, வேண்டாம்" என்று சொல்லிப் பேராசிரியர் பையை இந்தப் பக்கம் திருப்பினார்.

கவ்ரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குனிந்து அவர் கையில் முத்தமிட்டார். "மன்னிச்சுடுங்க ஐயா. உங்கள மத்தவங்க மாதிரி நெனச்சுட்டேன்" என்றார். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே நின்றுகொண்டிருக்க, கவ்ரில் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

ஊருக்கு வந்து பாதிரியாரிடம் பெருமையாகச் சொன்னார். பாதிரியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எத்தன தரம் வேண்டாம்னார்?"

"ஒரு தரம்தான் சாமி. நல்ல மனுசன்."

"மூணு தரம்யா, மூணு தரம்! அறுபது வயசாகுது, வேண்டாம்னா வேணும்னு தெரியாதா உனக்கு? அந்த ஆளு பைய வேற திருப்பிக் காட்டியிருக்கான், நீ கைக்கு முத்தம் குடுத்துட்டு வந்திருக்க!"

"அவரு நெறிக்குழுங்க சாமி."

"அதனாலதான்யா அஞ்சு தரம் கேட்டிருக்கணும்!"

கவ்ரில் மறுபடி கவரோடு போவதற்கு முன்பே குழுவின் அழைப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை பேராசிரியரின் குரலில் பழைய கனிவு இல்லை.

"பலமுறை யோசிச்சுப் பாத்தாச்சு" என்றார். "உங்க பிரச்சன பணத்தோட தூய்மை இல்ல. ஏழ்மை. ஏழ்மைங்கிறது பின்னால லஞ்சத்த வரவழைக்கிற ஒரு முன்நோய். இன்னைக்குக் காசுக்குத் தவிக்கிறவ நாளைக்குக் கவரப் பாத்தா கை நீட்டுவா. பசிச்சவன நம்பலாமா? நான் யாரையும் கொற சொல்லல. என்னையே எடுத்துக்கோங்க, நான் ஏழையா பொறந்தவன். எனக்குத் தெரியாதா?" கடைசி வாக்கியம் அவர் நினைத்ததைவிடச் சற்று அதிகமாகச் சொல்லிவிட்டது போலிருந்தது. தண்ணீர் குடித்தார். "மேடம், அந்த அறக்கட்டள விஷயத்தச் சொல்லுங்க."

திருமதி எவ்ஃப்ரோசினா விளக்கினார். பல்கலைக்கழகத்துக்கு ஓர் அறக்கட்டளை உண்டு. தலைவர், பேராசிரியர் ஹர்னாகே. அம்மாவின் பணத்தை அனிஸ்யா அதற்கு நன்கொடையாகக் கொடுக்கலாம். நன்கொடைக்குப் பூர்வீகம் இல்லையாதலால் கண்ணீர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அறக்கட்டளை அதை 'ஏழை மாணவர் உதவித்தொகை' என்று அவளுக்கே திருப்பித் தரும். அது தூய பணம். அதைக் கட்டணமாகக் கட்டலாம். நடுவே மூன்றில் ஒரு பங்கைச் சுத்திகரிப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான்.

"அந்த ஒரு பங்குக்கு நாங்க எங்க போறது?" என்றார் கவ்ரில்.

"அது தனிப்பட்ட விஷயம். அதுல குழு தலையிடாது."

தனிப்பட்ட விஷயம் என்னவென்று அனிஸ்யாவுக்குத் தெரியும். அம்மா அந்தக் கிறிஸ்துமஸோடு வேலையை விட்டு ஊருக்கே வருவதாக இருந்தது. அம்மாவின் முழங்கால்கள் போய்விட்டன. கிழவியைத் தூக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து முனகுவதாகச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"கட்டுடி" என்றாள் அம்மா லுக்ரேசியா தொலைபேசியில். "இன்னும் நாலஞ்சு குளிர்காலம். என்ன ஆகிடப்போகுது? கிழவி என்னைய விடமாட்டேங்குறா, நானும் பழகிட்டேன்."

"வேண்டாம்மா. நீ வந்துடு."

"வந்து? உங்கப்பனோட பால் கேனக் கழுவவா? நான் இங்க இருக்கிறதுக்கு ஒரு அர்த்தம் வேணாமாடி? கட்டு."

குறைந்த பங்குக்குக் கவரில் இருந்த அடமானப் பணத்தைப் போட்டுக் கட்டினார்கள். சான்றிதழ் வந்தது. கட்டணம் நல்ல நடத்தையுடையது, எவரையும் புண்படுத்தாதது என்று முத்திரை குத்தியிருந்தது. ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. தொடக்க விழாவில் கட்டண மாணவர்கள் ஒவ்வொருவரும் மேடையேறி, தம் பெயரைச் சொல்லி, "நான் கட்டிய பணம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை" என்று ஒலிபெருக்கியில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதன் பிறகு வெள்ளைக் கோட்டு அணிவிப்பார்கள். உறுதிமொழி எடுக்காதவரின் சேர்க்கை செல்லாது.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. கவ்ரில் பின்வரிசையில் தொலைபேசியை மேடையை நோக்கி உயர்த்திப் பிடித்திருந்தார். மறுமுனையில் லுக்ரேசியா கேட்டுக்கொண்டிருந்தாள். சூதாட்டக் கடைக்காரரின் மகன் உறுதிமொழியைக் கணீரென்று சொன்னான். அடுத்து அனிஸ்யாவைக் கூப்பிட்டார்கள்.

பெயரைச் சொன்னாள். அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தாள். வரவில்லை.

பணம் யாரையாவது புண்படுத்தியதா என்ற கேள்வியைக் கேட்டவர்கள் யாருக்கும் பதில் தேவைப்பட்டதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோடை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தது அவள் ஒருத்திதான். பதிலும் அவளுக்குக் கிடைத்துவிட்டது. பணம் தீங்கு செய்திருந்தது. அடுப்பருகே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் செய்திருந்தது. அம்மாவின் முழங்கால்களுக்குச் செய்திருந்தது, இனியும் செய்யும். சொன்னால் இடம் அவளுடையது. சொல்லாவிட்டால் மதியப் பேருந்தில் ஊருக்குப் போகலாம். அவள் சொல்வதில்லை என்று தீர்மானித்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, சத்தமே இல்ல?" என்றது கவ்ரிலின் கையிலிருந்த தொலைபேசி. "லைன் கட்டாயிடுச்சா?"

"இல்ல. இருக்கு."

"எம்பொண்ணு பேசுறாளா?"

"மைக்குக்கு முன்னாலதான் நிக்கிறா."

மேடையில் பேராசிரியர் ஹர்னாகே கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "பாருங்க, வார்த்தையே வரல அந்தப் பொண்ணுக்கு" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். "இதுதாங்க தூய்மை!" அவர் கைதட்டத் தொடங்கினார். மண்டபமே எழுந்து நின்று தட்டியது.

"நான் சொல்லலைங்க" என்றாள் அனிஸ்யா. அதற்குள் ஒலிபெருக்கியை அடுத்த மாணவனிடம் நகர்த்திவிட்டார்கள். யாரோ அவள் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் நுழைத்தார்கள். திருமதி எவ்ஃப்ரோசினா அவள் பெயருக்கு எதிரே 'உறுதிமொழி எடுத்தார்' என்று குறித்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று பேராசிரியர் அவர் காதில் சொன்னார். "அடுத்த வருஷம் எல்லாரையும் இப்படிக் கொஞ்ச நேரம் நிக்க வைக்கலாம்."

"நிக்கிறதுக்குக் கட்டணம் தனியாப் போட்டுடலாமா ஐயா?"

பின்வரிசையில் தொலைபேசி கத்தியது. "ஏங்க, கைதட்டுறாங்களே! என்னன்னு சொன்னா? யாருக்கும் தீங்கு இல்லைன்னு சொல்லிட்டாளா?"

கவ்ரில் மேடையைப் பார்த்தார். மகள் வெள்ளைக் கோட்டில், கைகளைத் தொங்கவிட்டபடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் அடங்கும்வரை அவர் பதில் சொல்லவில்லை.

"சொல்லிட்டா" என்றார்.

"அது போதுங்க" என்றாள் லுக்ரேசியா. அவள் அழுவது கேட்டது. "அத அவ வாயால சொல்லிக் கேக்கணும்னுதான் இத்தன வருஷமா இருந்தேன்."